பிசகு

என் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள்.
ஆய்வு நெறிமுறையின் ஒன்பதாம் பக்கம் அப்படித்தான் சொல்கிறது:
அளப்பவருக்கு
யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, பழைய எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறை.
ஒரு ஸ்டூல், ஒரு டேப், ஒரு ஸ்டாப்வாட்ச்.
கணுக்காலைச் சுற்றி எட்டு போட்டு டேப்பை இழுத்தால்
வீக்கம் சென்டிமீட்டராகிவிடும்.
வலிக்குப் பத்துக்குள் மார்க் போடச் சொன்னால்
மானூர்க்காரர் ஒருவர்
"பன்னிரண்டு போட்டுக்கிடுங்க" என்றார்.

பழுப்பு உறையைப் பிரிப்பவர் வேறு. அறையும் வேறு.
ஒரு குழுவுக்குக் கட்டு, ஓய்வு, ஒரு துண்டுத்தாள்.
மற்றதற்கு அதோடு ஆறு வாரம்
ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி:
முதலில் தரையில், பிறகு தலையணை மேல்,
கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு.
தசைநார் தானாக ஆறிக்கொள்ளும், நாங்கள் தேவையில்லை.
தான் எங்கே இருக்கிறோம் என்பது
காலுக்கே மறந்துபோகிறதே,
அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க முடியுமா
என்று கேட்கிறோம்
நூற்றிருபது கால்களிடம்.

வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
என்ன சிகிச்சை என்று அளப்பவரிடம் சொல்லாதீர்கள்.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வந்து,
"உங்கட்ட சொல்லக் கூடாதாம்லா,
எனக்கு வெறுங் கட்டுதான் போட்டாவ."

எண் நாற்பத்தொன்று. மைதீன் பாத்து, மேலப்பாளையம்.
பீடி இலை நனைக்கப் போன குழாயடியில் பாசி வழுக்கியது.
மூன்றாம் நாள், வலி எட்டு.
பிசகிய காலில் நின்றது நாலு விநாடி.

ஆறாம் வாரம் வந்தாள். கண்ணை மூடச் சொன்னேன்.
பத்து.
பதினைந்து.
இருபது. முக்காட்டு நுனிகூட அசையவில்லை.
முப்பதில் நான்தான் போதும் என்றேன்.
"இன்னும் நிப்பேன்" என்றாள்.

நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.
"எனக்குத் தாள் மட்டுந்தாம்மா.
எதுத்த வீட்டு கதீஜா மவன் பந்து விளையாண்டு கால மடக்குனாம்லா,
அந்த உறை அவனுக்கு விழுந்துச்சு.
சாயந்தரம் அவன் நிப்பான். பாத்து நானும் நிப்பேன்.
இப்பம் தெருவுல பிள்ளையெல்லாம் நிக்குதுவ.
காலு நல்லா இருக்கவளும் நிக்கா,
குளத்துக் கொக்கு மாதிரி."

ஆய்வின் மொழியில் இதற்குப் பெயர் மாசு.
ஒப்பீட்டுக் குழுவில் மாசு கலந்துவிட்டது.
வீட்டுக்கு வீடு குழம்புக் கிண்ணம் போய்வருகிற தெருவில்
இரண்டு குழு வைத்தது யார் பிசகு?
பேட்டையில் எத்தனை தெருவோ, முக்கூடலில் எத்தனையோ.
கடைசியில் இரு குழுவும் ஒரே மாதிரி நடந்தால்
பயிற்சியால் பெரிய பயனில்லை என்று எழுத வேண்டி வரும்,
பயன் வேலி தாண்டிப் போன காரணத்தால்.

நெறிமுறை விலகல் என்ற கட்டத்தில் இடம் ஒரு வரிதான்.
எழுதினேன்:
41, எதிர்வீட்டில் கற்றுக்கொண்டார்.
என் கண்கட்டு அவிழ்ந்ததையும் அதற்குள்ளேயே
இடுக்கி எழுதினேன்.
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியோடு தாள் திரும்பி வந்தது.

அடுத்து ஐம்பத்தேழு.
சுடலைக்கண்ணு, டவுன் பஸ் கண்டக்டர்.
ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிய கால்.
ஆறு வாரமாகியும் காலணியை
ஓரமாகத் தேய்த்துத்தான் வந்தார்.
வாசலில் எழுதியதைப் படித்திருக்க வேண்டும்,
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
இத்தனை பேரில் இவர் ஒருவர்.

கண்ணை மூடினார்.
ஐந்தாவது விநாடியில் கை காற்றைத் துழாவி
என் தோளைப் பிடித்தது.
"மன்னிச்சிருங்க."

குறிப்பேட்டில் ஐந்து என்று எழுதினேன்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன்,
எந்த ரூட்டுண்ணே நீங்க?
"ஜங்ஷன், மேலப்பாளையம்."
சாயந்தரம் அங்க எத்தன நிமிஷம் வண்டி நிக்கும்?
"பத்து நிமிசம். எதுக்குக் கேக்கிய?"

சும்மாதான் என்றேன்.
இதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.