இடது ஓரம்

டோல்கெத்லாயில் மழை விடாத மூன்றாம் நாள்.
ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தேன்.
அந்த இடைவெளியில் முதலில் வந்தது முன்சக்கரம்,
பிறகு மெரெரித்.

"நீண்ட நாள் உழைக்கிற டயராகப் போடு, கெதின்.
காசு என்னுடையதல்ல,
உண்டியல் குலுக்கிச் சேர்த்தது."

அவள் சுமப்பது பால்.
யாரோ ஒரு தாய்க்குச் சுரந்து மிஞ்சியதை
உறையவைத்துப் பெட்டியில் அடுக்கி
மாதம் நிறையாமல் பிறந்து
கண்ணாடிக்குள் கிடக்கும் கையளவு உயிர்களுக்கு
ரெக்சமிலிருந்து பாங்கருக்கு
இரவோடு இரவாகக் கொண்டுபோவாள்.
சம்பளம் கிடையாது.
பகலில் கவுன்சில் அலுவலகத்தில்
குப்பை எடுக்கவில்லை என்ற புகார்களைக் கேட்கிறாள்.

பின்டயரைக் கழற்றி உருட்டினேன்.
உருளவில்லை, தத்தி நடந்தது.
நேர்சாலை தின்று தின்று
நடு தட்டையாகியிருந்தது.
வலது தோளும் தேய்ந்திருந்தது, அதில் அதிசயமில்லை,
இந்த நாட்டு ரவுண்டானாக்களுக்கு
வலப்பக்கத்தின் மேல்தான் பசி.
இடது தோளில் மட்டும்
இரண்டு விரல் அகலத்துக்கு
அச்சிலிருந்து வந்த ரப்பர் முடி உதிராமல் நின்றது.
ஆறாயிரம் மைல் ஓடிய டயரில்
தரையே பார்க்காத ஓர் ஓரம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
டயர் பார்ப்பவனும் கைரேகை பார்ப்பவனும் ஒன்றுதான்,
தெரிந்ததையெல்லாம் சொன்னால் பிழைப்பு நடக்காது.

மூன்று டயர்களைச் சுவரில் சாய்த்தேன்.

இது கெட்டி. பன்னிரண்டாயிரம் மைலுக்குப் பேச்சே எடுக்காது.
ஆனால் குளிரில் விறைத்துக்கொள்ளும்,
ஈரத் தாரோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இது இளசு. ஈரக்கையில் மாவுபோல் ஒட்டும்,
நீ நினைத்த கோட்டில் நினைத்தவுடன் சாயும்,
அடுத்த கோடைக்குள்
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருக்கும்.

இது நடுவில் கெட்டி, தோளில் இளசு.
நேரே போகையில் கஞ்சன்,
வளைகையில் வள்ளல்.

அவள் நகத்தால் அதன் ஓரத்தை அழுத்தினாள்.
நகக்குறி பதிந்து மெல்ல மறைந்தது.
"ஓரத்தில் இவ்வளவு பிடிப்பு எனக்கெதற்கு?
நான் அங்கே போவதே இல்லையே."

கெட்டில் கொதித்து நின்றது.
வெள்ளைக் கோப்பையில் என் விரல்களின் கறுப்பு.
பிறகு அவளே சொன்னாள், கோப்பையிடம் சொல்வதுபோல:
நவம்பர். ஏரியை ஒட்டிய இடது வளைவு. ஈர இலை.
"எலும்பு சேர்ந்துவிட்டது.
பதினோரு பாட்டில் உடைந்தது.
அன்றைக்கு இருப்பில் இருந்ததே அவ்வளவுதான்."

தகரத்தின்மேல் மழை.
என்ன சொல்வதென்று தெரியாமல்
பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களைக் காட்டினேன்,
எந்த வாரம், எந்த வருடம் என்பது அதில் இருக்கும்.
"பார், இது பிறந்து ஏழு வாரம்தான்."
"மாதம் நிறைந்து பிறந்ததா?" என்றாள்.
கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

மூன்றாவதைத்தான் மாட்டினேன்.
காற்று முன்னால் முப்பத்தாறு, பின்னால் நாற்பத்திரண்டு.
"முதல் நூறு மைல் மெதுவாகப் போ.
புது ரப்பரின் மேல்தோல் கொஞ்சம் உரியவேண்டும்.
தரைக்கு அதைப் பிடிக்கவும்
அது தரையைப் பிடிக்கவும்
நாளாகும்."

செப்டம்பரில் வந்தாள், செயின் தளர்ந்ததென்று.
சும்மா இருக்காமல்
பள்ளத்தில் நாணயத்தைச் செருகிப் பார்த்தேன்.
இன்னும் பாதி ஆழம் மிச்சம்.
நடு உருண்டையாகவே இருந்தது.
வலப்பக்கம் வழக்கம்போல.
இடது ஓரத்தில் முடி உதிர்ந்திருந்தது
ஒரு விரலுக்கு.
ஒன்றரை என்றுகூடச் சொல்லலாம்.
மீதி அரை விரல் கடையிலிருந்து போன பளபளப்பில்.

அவள் குனிந்து பார்க்கவில்லை.
பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த அரை விரல்
டயர் தீரும்வரை அப்படியேதான் இருக்கும்.
இருக்கட்டும்.
அதற்கும் சேர்த்துத்தானே
அன்றைக்கு பில் போட்டேன்.