காவலாளியின் பெயர்

அரசமூட்டில், தையல்கடை மாடியில்
டென்னிசனின் வாடகை நூலகம்.
புத்தகத்துக்கு வாரம் ஐந்து ரூபாய்,
பக்கம் கிழிந்தால் அபராதம் தனி.
கல்யாணக் கதைகள் கீழ்த்தட்டில்,
பேய்கள் நடுவில்,
யுத்தம் உச்சியில், ஸ்டூல் போட்டு ஏறணும்.
நான் ஏறுவேன்.
"பிள்ளே, இது ஆம்பிளைகள் வாசிக்கது" என்பார்.
"ஒரு ஆம்பிளையும் எடுக்கக் காணேல்லியே" என்பேன்.

மூன்று மணிக்கு எழுந்து
நெற்றியில் விளக்கைக் கட்டினால்
முந்நூறு மரம் எனக்கு.
சாய்வாய் ஒரு கீறல், பட்டையில் மட்டும்;
தடியில் கத்தி பட்டால் மேஸ்திரி கத்துவான்.
சிரட்டையை நிமிர்த்து, அடுத்த மரம்.
ஒன்பது வருஷமாய் இதுதான்.
ஆனால் எனக்குத் தெரியும்,
நான் நிற்பது எதிரியின் எல்லைக்குள்.
பாரசூட்டைப் புதைத்தாயிற்று.
கூடக் குதித்த நாலு பேரில் ஒருவன் துரோகி.
விடிவதற்குள் பாலம் தகர்ந்தாக வேண்டும்.
முந்நூறாவது மரத்தில் விடிகிறது.
தகர்ந்திருக்கும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை மட்டும்
நாற்பது தடவை தகர்த்திருக்கிறேன்.
ஞாயிறு ஆராதனை முடிந்து
நல்ல சேலையோடு அடியில் போய் நின்று
எந்தத் தூணில் வெடி வைத்தால்
எது முதலில் மண்டியிடும் என்று
அண்ணாந்து கணக்குப் போட்டதுண்டு.
மேலே தண்ணீர் ஒன்றும் அறியாமல்
யாருடைய வாழைக்கோ போய்க்கொண்டிருக்கும்.

எதற்கு இதெல்லாம் என்றால்
எனக்குச் சொல்லத் தெரியாது.
சங்கத்துக் கடன், அம்மையின் சர்க்கரை,
எதிலும் இல்லை
சிவப்புக் கம்பியா நீலக் கம்பியா என்று.
புத்தகத்தில் உண்டு.
வெட்டினால் சாவு, இல்லையென்றால் அடுத்த அத்தியாயம்.
பயத்துக்குக்கூடப் பக்க எண் இருக்கிறது.

ஜஸ்டஸ் லீவுக்கு வந்தான்,
இரும்புப் பெட்டியும் வெடித்த உதடுமாய்.
என் தம்பி. பட்டாளத்தில் பதினோரு வருஷம்.
"சண்டை பாத்தியாடே?"
"கம்பளி எண்ணினேன்.
ராத்திரி நிப்பேன். வெளுப்புக்கு வேறொருத்தன் வருவான்.
பெறவு அவன் நிப்பான்."
ஷீட் கிலோ என்ன விலை என்று கேட்டான்.

மூன்று நாள் மழை, வெட்டு இல்லை.
கட்டிலில் கிடந்து என் புத்தகத்தை வாசித்தான்.
"கொள்ளாம், கேட்டியா" என்று சிரித்தான்.
நடுவில் ஒரு பென்சில் கேட்டான்.

அவன் ரயிலேறிய பிறகுதான் பார்த்தேன்.
எழுபத்திரண்டாம் பக்கம்:
காவலாளி சத்தமில்லாமல் சரிந்தான்.
ஓரத்தில் கோழிக்கிறுக்கலாய்,
'வேலப்பன், களியல்.'
தொண்ணூறில், சுருட்டுக்குத் தீக்குச்சி உரசியவன்:
'ஏசுவடியான், அருமனை. பல்வலி.'
பெட்ரோல் கிடங்கோடு போன மூன்று பேருக்கு
ஓரத்தில் இடம் போதாமல்
வரிகளுக்கு நடுவே நெருக்கி எழுதியிருந்தான்.
கடைசிப் பெயர் குமாரதாஸ்.
'லீவு சாங்ஷன் ஆயாச்சு.'

டென்னிசன் இருபது ரூபாய் அபராதம் போட்டார்.
அழித்துத் தரட்டுமா என்றேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஏசுவடியான் என்று இரண்டு தடவை வாசித்தார்.
"கெடக்கட்டு" என்றார்.
ரூபாயைத் திருப்பித் தரவில்லை.

நான் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
அன்றைக்கே ஸ்டூல் ஏறினேன்.
நீர்மூழ்கி, பனிக்கரை, ஐந்து பேர், ஒரு வரைபடம்.
நேற்றிரவு கத்தி
அவன் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது.
மூச்சைப் பிடித்திருந்தேன்,
கத்தி வைத்திருப்பவனுக்காகத்தான்,
பொய் சொல்ல மாட்டேன்.
பக்கத்தைத் திருப்பப் போன விரல் நின்றது.
இவனுக்குப் பேர் வரவில்லை.
பஸ் போகும் ஊர்களைச் சொல்லிப் பார்த்தேன்,
திற்பரப்பு, பொன்மனை, சுருளகோடு...
அலாரம் அடித்தது.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நெற்றியில் விளக்கைக் கட்டினேன்.
அவன் அங்கேயே நிற்கிறான்,
பனியில், முதுகைக் காட்டிக்கொண்டு,
யாரோ மாற்ற வருவார்கள் என்று.