பதினோராம் இருக்கை

மெல்ஃபோர்ட் அரங்கின் பின்வாசலில் பேருந்து.
மைனஸ் முப்பத்தெட்டு. எஞ்சினை அணைத்தால்
அது இனி வசந்தத்தில்தான் வாய் திறக்கும்.
உள்ளே பிள்ளைகள் ஹாக்கி ஆடுகிறார்கள்.
இரண்டு மணி நேரம் என் வேலை
காத்திருப்பது.

குப்பை பொறுக்கப் போனேன். சிப்ஸ் உறை, ஒற்றைக் கையுறை,
பதினோராம் இருக்கைக்கும் சுவருக்கும் இடுக்கில்
ஒரு புத்தகம்.
அட்டையில் உறைந்த ஏரி, பனிக்கு அடியிலிருந்து ஒரு கை.
தலைப்பு வெள்ளி எழுத்தில் பளபளத்தது
மலிவான பயம் போல.
ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் எதற்கு என்று
நினைத்து முடிப்பதற்குள் இருபது பக்கம் போயிருந்தது.

கதை இதுதான்: ஏரியில் மூழ்கிய ஒருத்தி
மீன்பிடிக் குடிசையின் வானொலியில் இரவில் பேசுகிறாள்,
பாதி வாக்கியம் மட்டும்.
மீதியைத் தேடி மாரித் என்ற பெண், வயது பதினாறு,
சைக்கிள் சக்கரத்தில் சங்கிலி கட்டிக்கொண்டு அலைகிறாள்.
கூடவே ஈபன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவன்.
கன்னத்தில் குழி, கையில் எப்போதும் ஆறிப்போன காப்பி.
கொலைகாரனைப் பிடிக்கிற அவசரத்தில்
இதுகள் எதற்கு இப்படிப் பார்த்துக்கொள்கின்றன?
முத்தம் வரும் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.
பிறகு, யாரும் இல்லையே என்று,
திரும்பி வந்து படித்தேன்.

அறுபத்தொன்றில் ஊரே ஏரிமேல் சறுக்குகிறது.
மாரித்தின் மூச்சு வெள்ளையாகிறது. ஷெரீஃபின் மூச்சு.
நடு ஏரியில் நின்று குரைக்கும் நாயின் மூச்சு.
ஈபன் சிரிக்கிறான், ஓயாமல் பேசுகிறான்,
அவன் உதட்டின் முன்னால் காற்று சுத்தமாக இருக்கிறது.
எழுதியவர் அதைச் சொல்லவே இல்லை, சும்மா விட்டுவிட்டார்.
ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல்: மூச்சு?
அந்தக் கேள்விக்குறியில் எனக்கு முதுகு சில்லிட்டது.
நிமிர்ந்து பார்த்தேன். முன்கண்ணாடியில்
என் மூச்சு படிந்திருந்தது. நல்லவேளை.

அதன்பின் கதையைவிடப் பென்சிலைத்தான் துரத்தினேன்.
'இவள் பொய் சொல்கிறாள்.' 'குடிசைச் சாவி எங்கே?'
தெரிந்த கையெழுத்து. வாராவாரம் பயணப் பட்டியலில்
கையெழுத்துப் போடுகிறவன், ப்ரெய்டன் ஹ்ரிட்சுக்.
கோல்காப்பான். ஆறடி. வாயைத் திறந்தால்
ஏப்பம் தவிர வேறு வந்து நான் கேட்டதில்லை.

நூற்று நாற்பதாம் பக்கம். படகுத்துறையில் இருவரும் கைகோக்கிற இடம்.
அங்கே எதையோ எழுதி அழித்திருக்கிறான்.
ரப்பர் கரியைத்தான் அழிக்கும், அழுத்தியதை அல்ல.
கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தேன், மாரித் செய்வாளே அப்படி.
பள்ளத்தில் நிழல் விழுந்தது, நிழல் எழுத்தானது.
ரோவன்.
நாலாம் எண் சட்டை. பதினோராம் இருக்கைக்கு முன் இருக்கை.

விளக்கை அணைத்தேன்.
கதையில் துப்புக் கிடைத்தவர்கள் ஓடிப்போய் யாரிடமாவது சொல்கிறார்கள்.
எனக்கு ஓட்ட வேண்டிய வண்டி இருக்கிறது.

அரங்கக் கதவு திறந்து, ஆவியோடு பிள்ளைகள்,
தோற்றுவிட்டு, ஜெயித்தவர்களைவிடச் சத்தமாக.
கடைசியாக ஏறியவனிடம் நீட்டினேன்.
காது சிவந்தது. "எங்க அக்காவோடது."
"சரி. அக்காகிட்ட சொல்லு,
எனக்கும் ஈபன்மேலதான் சந்தேகம். அந்த மூச்சு."
அவன் புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"நாயைக் கவனிச்சீங்களா?" என்றான்.
மூன்று வருடத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.

நெடுஞ்சாலை நீளத்துக்கும் பனித்தூள் நெளிந்து ஊர்ந்தது.
வழக்கம்போல் பின்கண்ணாடியில் எண்ணினேன்.
பத்தொன்பது தலை. சன்னலெல்லாம் மூச்சுப் படலம்.
அவற்றுள் ஒன்றில் யாரோ விரலால் எதையோ எழுதி
உள்ளங்கையால் அவசரமாகத் துடைத்தார்கள்.
நான் சாலையைப் பார்த்தேன்.

நாய்க்கு என்ன?
மறுநாள் நூலகத்தில் கேட்டேன்.
எனக்கு முன்னால் நாலு பேர்.
ஏப்ரலில் வரச் சொன்னார்கள்.