எரியுது என்ற சொல்

கூழ் ஆலையில் மாம்பழம் கொதிக்கிற மே மாதம்
நீராவிக் குழாய் வெடித்தது
வேடியப்பனின் வலது கையில்.
கிருஷ்ணகிரி, தீக்காய வார்டு, ஆறாம் கட்டில்.
அலமாரிப் பூட்டைத் திறந்து
ஆம்பூலை உடைத்து
பதிவேட்டில் கையெழுத்திட்டு
மார்ஃபின் ஏற்றுகிறவள் நான்.

நரம்பு நுனியில் ஒரு கதவு.
சூட்டுக்கும் மிளகாய்க்கும் அது ஒன்றேதான்;
அதனால்தான் இரண்டுக்கும்
'எரியுது' என்கிறோம்.
மருந்து அந்தக் கதவைத் தொடுவதில்லை.
அதே செல்லின் வேறொரு வாசலில் உட்கார்ந்து
உள்ளே கரண்டைக் குறைக்கிறது.

"வலி இருக்கு சிஸ்டர்.
ஆனா அஞ்சாம் கட்டில்காரனோடது மாதிரி இருக்கு."
சிரித்தார். அன்றைக்கு மட்டும்.

பதினெட்டாம் நாள் சரக்கு தீர்ந்தது.
இண்டென்ட் போட்டாயிற்று,
வண்டி வரவில்லை.
புண் ஏறக்குறைய மூடிவிட்டதே,
தாங்குவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை உடம்பு துடைக்கப் போனேன்.
வெதுவெதுப்பான தண்ணீர்தான்,
என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தது.
இடது கை. நீராவி படாத கை.
துணி பட்டதும் அலறினார்,
"கொதிக்குது, எடு, எடு!"

மருந்து அமுக்கி வைத்த நாளெல்லாம்
உள்ளே கதவு
தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.
இப்போது ஊதினாலும் திறக்கும்.

கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்திருக்கணும்
என்றார் டாக்டர், என்னைப் பார்க்காமல்.
பதிவேட்டில் இருப்பு: பூஜ்ஜியம்.
கீழே என் கையெழுத்து, தெளிவாக.

ராத்திரி மெஸ்ஸில் காரச் சட்னி.
நாக்கு எரிந்தது.
எட்டுகிற தூரத்தில் தண்ணீர் இருந்தும்
எடுக்கவில்லை.