முன்கதை

சூளூர்ப்பேட்டையில் தெலுங்கில்தான் ஓடியது.
ஆரம்பாக்கத்திலிருந்து நானும் தசரதனும்
டபுள்ஸ் மிதித்துப் போனோம்.
மூன்று பாகமாக வாயே திறக்காத கேப்டன்
இதில் பையனாக வந்து ஓயாமல் பேசினான்.
ஏன் ஊமையானான் என்பதற்கு
ஒரு மாமா, ஒரு வரிப் பாக்கி.

இடைவேளைக்குப் பின் ஒரே நல்ல காட்சி:
கப்பல் கிளம்ப, நாற்காலி அதிர்ந்து
கூரைத் தகரம் உதறியது. விசிலடித்தோம்.
வெளியே டீக்கடையில் சொன்னார்கள்,
ஸ்ரீஹரிகோட்டாவில் அப்போதுதான் ராக்கெட் விட்டதாக.

நேற்று தடா செக்போஸ்ட்டில், லாரி வரிசையில்,
போனில், தமிழில் மறுபடி பார்த்தேன்.
கப்பல் சப்பென்று கிளம்பிற்று.
ஆனால் திரையோரம் ஒருவன், பெயரில்லாதவன்,
ஏணியை மடக்கிக்கொண்டே அண்ணாந்து பார்க்கிறான்.
அவனுக்கு முதல் பாகம் தெரியாது.

மூன்று தடவை பின்னே தள்ளிப் பார்த்தேன்.
பின்லாரிக்காரன் ஹாரனிலிருந்து
கையை எடுக்கவில்லை.