செப்டம்பர் பதினேழு, வடமேற்குக் காற்று

இரவு முழுக்கப் பெட்டி எண்ணிவிட்டு வந்தேன்.
மார்க்கம் சாலைக் கிடங்கில்
ரப்பர் செருப்பு, சவர்க்காரம், நாய்ச் சாப்பாடு,
அடுக்கு ஒன்றுக்கு நாற்பத்தெட்டு.
தூங்கியிருக்க வேண்டும்.
ஆனால் மழை விட்டு
விடியும்போது காற்று வடமேற்காகத் திரும்பியிருந்தது.
என் நிறுத்தத்தில் இறங்காமல்
ஏரி வரைக்கும் வந்துவிட்டேன்.

ஸ்கார்பரோ மண்முகட்டின் மேல்
மடக்கு நாற்காலிகள் ஆறு.
டோரீன் மடியில் பட்டியல், பென்சில்,
கட்டைவிரலால் அழுத்துகிற எண்ணி.
லுபோமிர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருக்கிறான்,
தூங்கவில்லை என்கிறான்.

ஒன்பதுக்கு ஒன்றுமில்லை.
பத்துக்குப் பிணந்தின்னிக் கழுகு இரண்டு,
எப்போதும்போல் தள்ளாடிக்கொண்டு.
நீலம் கூடினால் கண்ணே ஏமாற்றும்:
கண்ணுக்குள் மிதக்கிற பூச்சியை
இரண்டு தடவை வல்லூறு என்று கை காட்டினேன்.
மேகம் வரட்டும், என்றாள் டோரீன்.
எள் சிந்தினால்
வெள்ளைத் துணியில்தானே தெரியும்.

தவமலர் போனில்:
"இண்டைக்கு எத்தினை?"
"பதினொன்று."
"அதுக்கோ நித்திரையை விட்டனீங்கள்?"

பன்னிரண்டரைக்கு டோரீன் எழுந்தாள்,
கழிப்பறைக்கு.
எண்ணியைப் பூச்சியத்துக்குத் திருகி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
"நீ எண்ணுகிறவன்தானே."

அவள் தலை மறைந்ததும்
தேவாலயக் கூரைக்கு மேல்
மேகத்தின் அடியில் மிளகு.
மிளகு சுழன்றது.

இதைக் கெட்டில் என்பார்கள் இவர்கள்.
முதல் வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டு
தேநீருக்குக் கோப்பையை நீட்டியிருக்கிறேன்.
சூட்டுக் காற்று தூணாய் எழும்ப
அதில் ஏறுகின்றன அகலச்சிறகு வல்லூறுகள்,
ஒரு சிறகடிப்பும் இல்லாமல்,
உலையில் அரிசி புரள்வதுபோல.
உலை அரிசியை யார் எண்ணுவது?

சுழலும்போது எண்ணாதே, அது விதி.
உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாய்க் கழன்று
மேற்கே வழுக்கும்போது எண்ணு.
ஏரியைக் கடக்காது அவை,
தண்ணீருக்கு மேல் தூக்கிவிடக் காற்றில்லை.
கரையைப் பிடித்துக்கொண்டே போய்
நீர் முடிகிற இடத்தில்தான் தெற்கு.

கழன்றன.
ஒன்று. இரண்டு. ஏழு.
நாற்பதில் ஆங்கிலம் பிந்திவிட்டது.
தமிழுக்கு மாறினேன். அது இன்னும் நீளம்,
நூற்றெழுபத்தெட்டு என்று சொல்லி முடிப்பதற்குள்
மூன்று போய்விடும்.
வாயை மூடி விரலிடம் விட்டுவிட்டேன்.
லுபோமிர் எழுந்து நின்று
தன் மொழியில் என்னவோ சொன்னான்,
கடவுளைத் திட்டினானோ கும்பிட்டானோ.

இடையில் ஒரு கொத்து,
முப்பது இருக்கும்,
அழுத்தினேனா இல்லையா
தெரியவில்லை.

ஈரக் கைகளை உதறிக்கொண்டு டோரீன் வந்தாள்.
வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.
"தவறவிட்டேனா?"
எண்ணியைக் காட்டினேன்: நானூற்றுப் பன்னிரண்டு.
அந்த முப்பதைப் பற்றியும் சொன்னேன்.
என்னைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள்.
பென்சிலை நாக்கில் தொட்டு
நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி
பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள்.
இருபத்திரண்டு வருஷமாய் வருகிறவள்.
ஏழு நிமிஷம்தான் இல்லை.

நான்கு மணிக்கு நாற்காலிகளை மடக்கும்போது
ஒன்று தாழ்வாய் வந்தது,
கிழக்கே, வந்த வழியே.
வாலில் ஓர் இறகு குறைவு.
திரும்பிப் போகிறதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன்.
"எழுதுவதில்லை.
நாளைக்கு மறுபடி வந்தால் எண்ணலாம்."

இரவு ஒன்பதே முக்கால்.
சவர்க்காரப் பெட்டிகளின் முன்னால்
கட்டைவிரல் தன்பாட்டில் மடங்கிக்கொண்டிருந்தது.
நாற்பத்தேழு.
திரும்ப எண்ணினேன். நாற்பத்தேழு.
ஒன்று எங்கே, என்றான் மேற்பார்வையாளன்.
கிழக்கே என்று சொல்ல
வாய் வந்துவிட்டது.