மூச்சு நிற்காத படம்

சங்கிலி, சாவி, தாயத்து, ஊக்கு.
உலோகம் எதுவும் உடம்பில் கூடாது என்கிறேன்.
எல்லாம் எவர்சில்வர் தட்டில் விழுகின்றன.
கடைசியாக அவர் கழுத்திலிருந்து
ஒரு பித்தளை விசில்.

ஆவுடையப்பன். ஐம்பத்தெட்டு.
முலுண்டில் பதினேழு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில்
கார்களைப் பின்னுக்கு வரச்சொல்லி
ஊதுகிற வேலை.
ஏழு நாள் காய்ச்சல்.
நான்கு நாள் முன்பு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை,
துவைத்துக் காயப்போட்ட பனியன் மாதிரி
இரண்டு பக்கமும் சுத்தம்.
அன்றைக்கு அது பொய்யில்லை.
இன்றைக்குப் பழைய பேப்பர்.
விரல்நுனி மிஷின் எண்பத்தாறு காட்டுகிறது.
ராத்திரி இரண்டரைக்கு என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

மேசை நகர்ந்து வளையத்துக்குள் போகிறது.
மிஷினுக்கு இந்தி மட்டும்தான் தெரியும்:
ஸான்ஸ் லீஜியே. ரோக்கியே.
எப்போதோ பதிவுசெய்த பெண்குரல்,
எதற்கும் அவசரப்படாத குரல்.
அதை அணைத்துவிட்டு மைக்கில் சொன்னேன்:
"மூச்ச நல்லா இழுங்கண்ணே. அப்படியே பிடிங்க."
கண்ணாடிக்கு அப்பால் கால்விரல்கள் திடுக்கிட்டன.
"நீங்க எந்தப் பக்கம்மா?"
பேசாதீங்க, பேசினா படம் கெட்டுரும்.

பிடித்தார்.
நான்கு விநாடி. ஐந்தாவதில் இருமல்.
மறுபடி.
மூன்று.

டாக்டர் கானிட்கருக்குக் கலங்கிய படம் ஆகாது.
விலா எலும்புக்குப் பக்கத்தில் இன்னொரு விலா எலும்பு,
இதயத்துக்கு இரண்டு ஓரம்,
வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள சுவர்
படிப்படியாய் உடைந்த மாதிரி.
"எப்சிபா, ஆள் அசைந்திருக்கிறார்" என்று ஃபோனில் கடிப்பார்.
ஆள் அசையவில்லை ஸார்.
கல்லாய்க் கிடந்தார்.
அசைந்தது மூச்சு மட்டும்.
அது அசையாமல் நின்றிருந்தால்
இங்கே ஏன் வருகிறார்?

ஆனாலும் தெரிந்தது.
இரண்டு நுரையீரலிலும், ஓரங்களில், முதுகை ஒட்டி,
கருப்பும் இல்லாத வெள்ளையும் இல்லாத
ஏதோ படர்ந்திருக்கிறது.
அதன் ஊடே ரத்தக்குழாய்கள்
பனியில் நிற்கும் மரக்கிளைகளாய்.
தேய்த்த கண்ணாடி என்று படிப்பில் பேர் வைத்திருக்கிறார்கள்.
எனக்கு அது ஆன்டாப்ஹில்லில்
எங்கள் வரிசைவீட்டுப் பொதுக் குளியலறை ஜன்னல்.
உள்ளே ஆள் இருப்பது தெரியும்.
சொம்போடு கை உயர்வது தெரியும்.
யார் என்று மட்டும் தெரியாது.
போன வருஷம் வந்த வைரஸா,
இந்த மழைக்கு வந்ததா, பேரில்லாத வேறொன்றா,
ஜன்னல் சொல்லாது.
கதவைத் தட்டித்தான் கேட்கவேண்டும்.
மூக்கில் விட்ட குச்சி கீழே ஆய்வகத்தில்
தட்டிக்கொண்டிருக்கிறது.
காலை பத்துக்குப் பதில் வருமாம்.

கானிட்கர் இன்றைக்குக் கடிக்கவில்லை.
நான்கு வரி தட்டினார்.
வைரஸ் நிமோனியாவாக இருக்கக்கூடும்.
சோதனை முடிவோடு பொருத்திப் பார்க்கவும்.
படம் கலங்கியுள்ளது:
நோயாளியால் மூச்சைப் பிடிக்க இயலவில்லை.
அவ்வளவுதான்.
இருக்கக்கூடும் என்கிற சொல்லையும்
ஆக்ஸிஜன் உருளையையும் கால்மாட்டில் வைத்துக்கொண்டு
ஸ்ட்ரெச்சர் ஐந்தாம் மாடிக்குப் போனது.

தட்டைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன்.
சாவியைக் கொடுத்திருக்கிறேன், தாயத்தைக் கொடுத்திருக்கிறேன்.

கையுறையோடு எடுத்து உறைக்குள் போட்டு
மேலே அவருடைய எண்ணை எழுதினேன்.
ஐந்தாம் மாடிக்கு ஃபோன் போட்டால்
படுக்கை நம்பர் இன்னும் விழவில்லை என்கிறார்கள்.
விசிலுக்குள்ளே ஒரு சின்ன உருண்டை உண்டு.
நான் நடக்கும்போதெல்லாம் சட்டைப்பையில்
அது உருள்கிறது,
ஊதுவதற்கு ஆளில்லாமல்,
பின்னால் வா, வா, கொஞ்சம் இடது, நில் என்று
யாருக்கோ.

அடுத்து வந்த குஜராத்தி அம்மா
வளையல் கழலவில்லை, சோப்பு இருக்கிறதா என்று
மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்.